கணக்குக் கேட்ட கோகலே

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதி மத்திய அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் அதைப் பற்றியே பேச்சாக இருக்கும். அரசாங்கம் கண்டபடி செலவு செய்கிறது, எல்லாவற்றையும் குறைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். ஏழை நாட்டில் அரசாங்கம் செலவு செய்யாமல் வேறு யார் செய்வது, எதிலும் கை வைக்கக் கூடாது என்பர் மற்றொரு சாரார். நான் விஞ்ஞான மாணவன். பொருளாதாரத்தில் பயிற்சி இல்லாதவன். ஆயினும் இந்த வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். எந்தச் செலவைக் குறைப்பது, எந்தச் செலவைக் கூட்டுவது, மிச்சமாகும் பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்று எவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர், நாம் படிக்கும் இதே பூனா நகரில் வாழ்ந்து மறைந்தார். அவர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகள் தம் அரசியல் குரு என்று போற்றியவர் என்ற அளவில் அவர் பெயரை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர் பெயரில் தெருவும் சபையும் கல்வி நிலையமும் இருப்பதை இங்கே வந்தபின் காண்கிறோம். ஆனால் அவர் என்ன செய்து அப்பெயரைப் பெற்றார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஓராண்டுக்கு முன் நானும் அப்படித்தான் விழித்தேன். அவர் வரலாற்றைப் படித்தறிந்த பின், அதை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசையால் இதை எழுதுகிறேன்.

கோகலே 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, கொங்கணக் கரையிலுள்ள இரத்தினகிரி மாவட்டத்தில், கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிருஷ்ணராவ், கோல்ஹாப்பூர் அருகேயுள்ள காகல் என்ற சிறு சமஸ்தானத்தில் எளிய உத்தியோகம் பார்த்தவர். கோபாலனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது, 1879இல், அவர் காலமானார். குடும்பத்தின் பாரம் மூத்த மகன் கோவிந்தன் தலையில் விழுந்தது. அவர் தம் படிப்பை நிறுத்திவிட்டுக் காகலிலேயே மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்தப் பதினைந்தில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய ஏழு ரூபாயில் குடும்பத்தை நடத்தினார். தம்பியோ அந்த எட்டு ரூபாயின் அருமை அறிந்து, தானே சமைத்துண்டு, தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்தான் என்று சொல்வார்கள்.

என் அக்கா சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதுகிறாள். மாதந்தோறும் அவள் அனுப்பும் பணத்தில்தான் என் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் போகிறது. ஆகையால் கோவிந்தராவ் கோகலேயின் எட்டு ரூபாய் எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. நம்மில் பலருக்கும் அப்படித் தோன்றாது. பதினைந்து ரூபாய் வருமானமுள்ள வீட்டில் எதைக் குறைத்து எதைக் காப்பது என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைதான், பின்னாளில் ஒரு பேரரசின் வரவு செலவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டது.

கோல்ஹாப்பூரிலும் பூனாவிலும் பம்பாயிலும் படித்து, 1884இல், பதினெட்டாம் வயதில், கோகலே பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டதாரிக்கு அரசாங்க உத்தியோகம் எளிதாகக் கிடைக்கும். கோகலே அந்த வழியில் செல்லவில்லை. பூனாவில் திலகர், அகர்க்கர் முதலியோர் அப்போதுதான் தக்காணக் கல்விச் சங்கத்தை நிறுவியிருந்தார்கள். அதன் பள்ளியில் மாதம் 35 ரூபாய்ச் சம்பளத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் அச்சங்கத்தின் ஆயுள் உறுப்பினரானார். மாதம் 75 ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபதாண்டுகள் ஊழியம் செய்வதென்பது அவ்வுறுப்பினர்களின் உறுதிமொழி. பெர்குசன் கல்லூரியில் அவர் ஆங்கிலம் போதித்தார், கணிதம் போதித்தார், வரலாறும் பொருளாதாரமும் போதித்தார். பள்ளிகளுக்கென்று அவர் தொகுத்த கணிதப் பாடப்புத்தகம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கல்லூரிக் கட்டடத்துக்குப் பணம் திரட்ட விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று வீட்டுப்படி ஏறினார். ஒரு காசு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு அருமையாக வருகிறது என்பதை அந்த அலைச்சலிலும் அவர் கற்றிருப்பார்.

இக்காலத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மகாதேவ கோவிந்த ரானடே. ரானடே நீதிபதி, பொருளாதாரத்தில் ஆழ்ந்தவர். அரசாங்க அறிக்கைகளையும் நீலப் புத்தகங்களையும் கரைத்துக் குடித்தவர். அவரிடம் கோகலே பல ஆண்டுகள் மாணவர்போல் பயின்றார். ஒரு குறிப்பு எழுதி எடுத்துப் போனால், இந்த எண் எங்கிருந்து வந்தது, அந்த முடிவுக்கு ஆதாரம் என்ன என்று ரானடே குடைந்து கேட்பார். ஆய்வுக்கூடத்தில் நம் வழிகாட்டிகளிடம் நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால், அந்தப் பயிற்சி எத்தகையது என்பது விளங்கும். சார்வஜனிக சபை என்ற பொது நல அமைப்பின் செயலாளராகவும், அதன் காலாண்டிதழின் ஆசிரியராகவும் கோகலே தம் கையைப் பழக்கிக்கொண்டார்.

அந்தப் பயிற்சிக்கு முதல் சோதனை 1897இல் வந்தது. இந்திய அரசாங்கத்தின் செலவுகளை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் இலண்டனில் நடந்துகொண்டிருந்தது. தாதாபாய் நௌரோஜி அதன் உறுப்பினராக இருந்தார். இந்தியத் தரப்பில் சாட்சி சொல்ல நால்வர் கப்பலேறினர். வங்காளத்திலிருந்து சுரேந்திரநாத பானர்ஜி, பம்பாயிலிருந்து தீன்ஷா வாச்சா, பூனாவிலிருந்து கோகலே, சென்னையிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்து பத்திரிகையைத் தொடங்கியோரில் ஒருவரும் சுதேசமித்திரனை நிறுவியவருமான அதே சுப்பிரமணிய ஐயர்தான். நால்வரில் இளையவரான கோகலேக்கு அப்போது வயது முப்பது. அவர் சொன்னதன் சாரம் இது. மற்ற நாடுகளில் வரி கொடுப்பவர்களின் பிரதிநிதிகள் செலவுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். இந்தியாவிலோ செலவு முதலில் நிச்சயிக்கப்பட்டு, அதற்கேற்ப வரி பிறகு வசூலிக்கப்படுகிறது. இராணுவத்தின் நலனும், உயர்ந்த உத்தியோகஸ்தர்களின் நலனும், இங்கிலாந்தின் வாணிக நலனும் முன்னே நிற்கின்றன. மக்கள் நலன் கடைசியில் நிற்கிறது. இதற்குப் பரிகாரமாக, வரவு செலவுத் திட்டத்தை இனம் இனமாகச் சட்டசபையின் வாக்குக்கு விட வேண்டும் என்று அவர் கேட்டார்.

இலண்டனில் கிடைத்த புகழ் சில வாரங்களில் மங்கியது. அவ்வாண்டு பூனாவில் பிளேக் நோய் பரவியிருந்தது. வீடுகளைச் சோதனையிடச் சென்ற சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, கோகலே அங்கே பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார். ஊர் திரும்பியதும் அரசாங்கம் ஆதாரம் கேட்டது. அவரால் காட்ட முடியவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த நாட்டவரே அவரைக் கோழை என்று இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சியை அவர் பல ஆண்டுகள் சுமந்தார். பிற்காலத்தில் அவர் சட்டசபையில் பேசிய ஒவ்வொரு பேச்சிலும் காணும் கண்டிப்பான எண்ணிக்கை ஒழுங்குக்கு இந்த அடியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

1899இல் பம்பாய்ச் சட்டசபைக்கும், 1901 இறுதியில் வைசிராயின் சட்டசபைக்கும் கோகலே தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாவதாகச் சொன்ன சபை கல்கத்தாவில் கூடும். இந்தியா முழுமைக்கும் அதுவே தலைமைச் சபை. அதன் அதிகாரம் என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி ஆண்டுக்கொரு முறை பேசலாம். வாக்களிக்க முடியாது; ஒரு ரூபாயைக் கூடக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. பேச்சு முடிந்ததும் அரசாங்கம் தன் வழியே போகும். அத்தகைய சபையில் ஒருவன் செய்யக்கூடியது, மறுக்க முடியாத கணக்கைச் சபையின் முன் வைத்துவிட்டு உட்காருவது ஒன்றுதான்.

1902 மார்ச் 26ஆம் தேதி கோகலே தம் முதல் வரவு செலவுப் பேச்சை நிகழ்த்தினார். கர்ஸான் பிரபு வைசிராய். அவ்வாண்டு அரசாங்கத்துக்குச் சுமார் 7 கோடி ரூபாய் உபரி. செலவு போக இவ்வளவு மிஞ்சியிருப்பது நாடு செழிப்பதற்கு அடையாளம் என்று ஆட்சியாளர் மகிழ்ந்திருந்தனர். கோகலே அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளவில்லை. 1896-97இலும் 1899-1900இலும் கொடிய பஞ்சங்களால் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்த நாட்டில் இந்த உபரி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

அவருடைய விடையை நான் என் வழியில் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ரூபாய் வெள்ளி நாணயம். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி கிடைத்தது. உலகில் வெள்ளியின் விலை வீழ்ந்ததால் 1894-95இல் அது சுமார் 13 பென்னியாகச் சரிந்தது. ஆனால் இந்தியா ஆண்டுதோறும் இலண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகை பவுன் கணக்கில் இருந்தது. கடன் வட்டி, ஓய்வூதியங்கள், இராணுவச் செலவு, இந்தியா மந்திரியின் சம்பளம் உட்பட இலண்டன் அலுவலகச் செலவு எல்லாம் அதில் அடங்கும். அத்தொகையை உதாரணத்துக்கு 1 கோடியே 70 லட்சம் பவுன் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு 24 பென்னி இருந்தால் அதற்கு 17 கோடி ரூபாய் போதும். 13 பென்னியானால் 31 கோடிக்கு மேல் வேண்டும். இந்தப் பள்ளத்தை நிரப்ப அரசாங்கம் வரிகளை ஏற்றிற்று. 1886இல் வருமான வரி வந்தது. 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாயிற்று. 1894இல் இறக்குமதித் தீர்வை வந்தது. பிறகு நாணயச் சாலைகளை மூடியதன் விளைவாக 1898 வாக்கில் ரூபாய் 16 பென்னிக்கு உயர்ந்து நின்றது. இப்போது அதே 1 கோடியே 70 லட்சம் பவுனுக்கு 25½ கோடி ரூபாய் போதும். மிச்சம் சுமார் 6 கோடி. பள்ளம் தூர்ந்துவிட்டது, ஆனால் அதை நிரப்ப ஏற்றிய வரிகள் மட்டும் இறங்கவில்லை. அந்த வரிகளே உபரியாகக் குவிந்தன. ஆகவே உபரி நாட்டின் செழிப்பால் வந்ததன்று. தேவை தீர்ந்த பிறகும் ஏழையிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்ததால் வந்தது.

இந்தக் கணக்கு மொழிகளில் அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை மறுத்துரைக்க எளிதில் முடியாது. இதற்குப் பின்னால் மற்றொருவரின் உழைப்பும் உண்டு. பள்ளித் தலைமையாசிரியராகப் பணி செய்த ஜி. வி. ஜோஷி என்பவர், புள்ளிவிவரங்களில் கைதேர்ந்தவர். கோகலேயின் தொடக்ககால வரவு செலவுப் பேச்சுகளுக்குத் தகவல் திரட்டிக் கொடுத்து உதவியவர் அவர். ஒரு கல்லூரி ஆசிரியரும் ஒரு பள்ளி ஆசிரியரும் கூடி ஒரு பேரரசின் கணக்கைத் தணிக்கை செய்தார்கள் என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அவருடைய வாதம் வீண் போகவில்லை. 1903இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயாகவும், 1905இல் 1½ ரூபாயாகவும், 1907இல் 1 ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. இங்கே மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. உப்பு, பணக்காரனும் ஏழையும் ஒரே அளவில் உண்ணும் பொருள். ஆகையால் அதன்மேல் போடும் வரி ஏழையின் வருமானத்திலேயே பெரும் பங்கைத் தின்கிறது. வரி இறங்க இறங்க உப்பின் உபயோகம் பெருகிற்று. வருமான வரியிலும், ஆண்டுக்கு 500 ரூபாய் வருமானமுள்ள சிறு சம்பளக்காரர் வரி கட்ட வேண்டியிருந்த நிலை மாறி, 1903இல் அந்த எல்லை 1000 ரூபாயாக உயர்ந்தது. இவை யாவும் கோகலே ஒருவரால் மட்டுமே ஆயின என்று சொல்வது மிகையாகும். ஆயினும் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அவர் எழுந்து பேசுவதை நிதி உறுப்பினர்கள் எதிர்பார்த்து அஞ்சினார்கள் என்பதும், அவர் கேட்டவை சில ஆண்டுகள் கழித்தாயினும் நடந்தேறின என்பதும் உண்மை.

செலவில் அவர் குறைக்கச் சொன்ன முதல் இனம் இராணுவம். கிச்சனர் சேனாதிபதியாக வந்தபின் இராணுவச் சீர்திருத்தம் என்ற பெயரில் செலவு ஏறிற்று. ருஷ்யா எல்லையில் நிற்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1907இல் இங்கிலாந்தும் ருஷ்யாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அச்சம் நீங்கிய பிறகு செலவு ஏன் நீங்கவில்லை என்பது கோகலேயின் கேள்வி. இரண்டாவது இனம், உயர்ந்த உத்தியோகங்களில் வெளிநாட்டாருக்குக் கொடுத்த பெரிய சம்பளங்களும் ஓய்வூதியங்களும். அவ்விடங்களில் இந்தியரை நியமித்தால் செலவும் குறையும், நாட்டின் அனுபவமும் நாட்டிலேயே தங்கும் என்றார். 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்துக்குப் பின் சபையில் தீர்மானம் கொண்டுவரும் உரிமை கிடைத்தது. 1910இல் அரசாங்கம் புகையிலை, வெள்ளி, மண்ணெண்ணெய் முதலியவற்றின்மேல் புதிய தீர்வைகளை விதித்தது. மறு ஆண்டே, பொதுச் செலவு இவ்வளவு பெருகியதன் காரணங்களை விசாரிக்க வேண்டும் என்று கோகலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

இதுவரை படித்த நண்பர், கோகலே சிக்கனக் கட்சியைச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டக்கூடும். அவருடைய வாழ்வின் மறு பாதி அந்த முடிவை மாற்றிவிடும்.

1910 மார்ச்சில், தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் முயற்சியைத் தொடங்க வேண்டும் என்று கோகலே சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் ஆராய்வதாகச் சொன்னதன்மேல் அதைத் திரும்பப் பெற்றார். 1911 மார்ச்சில் ஒரு மசோதாவாகவே கொண்டுவந்தார். அவ்வாண்டுக் குடிமதிப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர். பரோடா சமஸ்தானத்தில் சயாஜிராவ் மகாராஜா 1893இல் ஒரு வட்டாரத்திலும் 1906இல் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாயக் கல்வியை நடத்திக் காட்டியிருந்தார். ஒரு சமஸ்தானம் செய்ததைப் பேரரசு செய்ய முடியாதா என்பது கோகலேயின் கேள்வி.

அவருடைய மசோதா மிக அடக்கமானது. 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு, ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் இடங்களில் மட்டும், அந்த ஊர் நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பி அரசாங்கமும் சம்மதித்தால் கட்டாயம் வரும். சிறுமிகளுக்குப் பின்னால் விரிவுபடுத்தலாம். மாதம் 10 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கை உள்ளூர்ச் சபையும் ஏற்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும் என்று அவருக்குத் தெரியும். செலவை முன்மொழிபவன் வரவையும் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. இறக்குமதித் தீர்வையை நூற்றுக்கு 5லிருந்து 7½ ஆக உயர்த்தலாம் என்றார். அதுவும் போதாது, வேறு வழியே இல்லை என்றால், உப்பு வரியைச் சற்று ஏற்றுவதையும் தாம் எதிர்க்கப்போவதில்லை என்றார். ஆண்டுக்கணக்காக உப்பு வரியை எதிர்த்துப் போராடிக் குறைக்க வைத்த மனிதரே இதைச் சொன்னார்! குழந்தைகள் அறியாமை இருளில் வளர்வதைவிட மக்கள் உப்பைச் சற்றுக் குறைத்து உண்பது சிறிய தீமை என்று அவர் கருதினார். படித்தபோது இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அவர் தம் கொள்கையை மாற்றிக்கொண்டாரா? இல்லை. வரி, செலவு, உபரி, குறைப்பு ஆகிய எதையும் அவர் தன்னளவில் நல்லது என்றோ கெட்டது என்றோ கொள்ளவில்லை. ஏழையிடமிருந்து வாங்கிய பணம் அவன் குழந்தைக்குத் திரும்பி வருகிறதா என்ற ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அளந்தார். பொருளை ஈட்டிக் காப்பதோடு அதை வகுத்துச் செலவிடுவதிலும் அரசின் திறமை உண்டு என்று நம் வள்ளுவர் கண்டதும் இதுவேயன்றோ?

மசோதா 1912 மார்ச் 18, 19 ஆகிய இரு நாட்கள் விவாதிக்கப்பட்டது. செலவு தாங்காது, காலம் கனியவில்லை, மக்கள் விரும்பவில்லை என்றது அரசாங்கம். நிலச்சுவான்தார்கள் சிலருக்கு, எல்லாரும் படித்துவிட்டால் வயலில் வேலை செய்ய ஆள் ஏது என்ற கவலை. வாக்கெடுப்பில் மசோதாவுக்கு ஆதரவாக 13 பேர், எதிராக 38 பேர். இந்திய உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

பணமில்லை என்ற அந்தக் காலத்துக்கு மூன்று மாதம் முன்புதான், 1911 டிசம்பரில், டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்தது. கல்விக்கு 50 லட்சம் ரூபாய் அளிப்பதாக அங்கே அறிவித்தார்கள். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றும் செய்தியும் அங்கேயே வெளிவந்தது. புதிய தலைநகருக்கு முதலில் போட்ட மதிப்பீடு 40 லட்சம் பவுன். அதாவது 6 கோடி ரூபாய். இவ்விரு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். பணம் இருந்தது, எதற்கு என்பதுதான் நிச்சயமாகியிருந்தது.

வரி என்ற பேச்சில் தமிழராகிய நாம் மறக்கக் கூடாத ஒரு செய்தியும் உண்டு. நெட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். முதலாண்டு ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்; வரி அவனுடைய ஆறு மாதச் சம்பளம். நெட்டாலுக்குக் கூலி அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று 1910 பிப்ரவரியில் கோகலே கொண்டுவந்த தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றது. 1912இல் அவரே தென்னாப்பிரிக்கா சென்று மந்திரிகளிடம் வாதாடினார். வரி உடனே நீங்கவில்லை. 1913இல் காந்தியடிகளின் தலைமையில் நடந்த போராட்டத்துக்கும், தில்லையாடி வள்ளியம்மை போன்றோரின் உயிர்த் தியாகத்துக்கும் பிறகு, 1914இல் அது ஒழிந்தது.

இவ்வளவுக்கும் இடையே 1905இல் காசிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டே ஜூன் 12ஆம் தேதி பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். நாட்டுப் பணியைத் துறவுபோல் ஏற்று, சிறு சம்பளத்தில் வாழ்ந்து, படித்துத் தேர்ந்த பிறகே பேச வேண்டும் என்பது அச்சங்கத்தின் நெறி. திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907இல் அதில் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதன் தலைவரானார். வேலையை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து பூனாவுக்கு வந்து, ஒரு மராட்டியரை ஆசானாகக் கொண்டு, அவர் இடத்திலேயே அமர்ந்த அந்தத் தமிழரை, இந்நகரில் வாழும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கோகலேயை நீரிழிவு நோய் வாட்டிற்று. அரசுப் பணிகளைப் பற்றிய கமிஷனில் ஓயாமல் உழைத்தார். 1914இல் அரசாங்கம் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். 1915 பிப்ரவரி 19ஆம் தேதி, நாற்பத்தெட்டாம் வயதில், பூனாவில் காலமானார். வாழ்நாளெல்லாம் அரசியலில் எதிர்த்து நின்ற திலகரும் சிதையருகே வந்து அவரைப் புகழ்ந்து பேசினார். விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பதால் சுதந்திரம் வராது என்று அவர்மேல் தீவிரவாதிகள் சொன்ன குற்றத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் தோற்ற வாக்கெடுப்புகளே மிகுதி. ஆனால் ஆளுகிறவனிடம் கணக்குக் கேட்பது குடிமகனின் உரிமை என்பதை அவர் நிலைநாட்டிவிட்டுப் போனார்.

அவர் கேட்டவை பின்னாளில் என்னவாயின? வரவு செலவுத் திட்டம் இனம் இனமாக வாக்குக்கு வர வேண்டும் என்று 1897இல் கேட்டார். இன்று மக்களவையில் மானியக் கோரிக்கைகள் அப்படித்தான் வருகின்றன. ஓர் இலாகாவின் கொள்கை பிடிக்காத உறுப்பினர், அதன் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கும்படி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு ரூபாயைத் தொடும் உரிமையும் இல்லாமல் கோகலே நின்ற நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டாயக் கல்விக்காக 1910இல் தீர்மானம் கொண்டுவந்தார். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இடையில் சரியாக நூறாண்டுகள் கழிந்தன! அதன் செலவில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதமும், அவர் மூன்றில் இரண்டு என்று தொடங்கிய அதே வாதந்தான். அவர் பெயரால் 1930இல் இந்நகரில் எழுந்த பொருளாதார நிலையத்தின் முதல் இயக்குநர் காட்கில், பின்னாளில் திட்டக் கமிஷனின் துணைத் தலைவராகி, மாநிலங்களுக்கு மத்திய உதவியைப் பகிர்ந்தளிக்க 1969இல் ஒரு முறையை வகுத்தார். அது நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. கல்விக்கு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு செலவிட வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் சொன்ன அளவோ இன்னும் எட்டப்படவில்லை.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவன். அங்கே போட்ட மதிய உணவை உண்டு வளர்ந்தவன். அந்தச் சோறு யாரோ ஒருவர் எழுதிய செலவுக் கணக்கில் ஒரு வரி. வேறொருவர் நினைத்திருந்தால் அந்த வரியை அடித்திருக்கலாம். அப்படி அடித்திருந்தால் நான் இன்று இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகையால் எல்லாச் செலவையும் வெட்டு என்பவரோடும் என்னால் சேர முடியவில்லை. எதையும் தொடாதே என்பவரோடும் சேர முடியவில்லை. வீண் செலவு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைக் கோகலே எனக்குக் கற்பித்தார்.

நீலப் புத்தகங்களைத் தேடி அலைந்து, நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, இரவெல்லாம் கூட்டிக் கழித்து அவர் கண்டறிந்த விவரங்கள் இன்று நம் கைக்கு எளிதில் எட்டுகின்றன. மத்திய அரசின் கணக்கும் நம் மாநிலத்தின் கணக்கும் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த பிப்ரவரியில் வாதத்தைத் தொடங்குமுன், நம்மில் பத்துப் பேர் ஓர் அறையில் கூடி, கல்வி, சுகாதாரம், விஞ்ஞான ஆராய்ச்சி ஆகிய மூன்று இனங்களை மட்டுமாவது சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டு வாசிப்போம். விலைவாசி ஏறிய அளவைக் கழித்துவிட்டால் தொகை கூடியதா, குறைந்ததா என்று பார்ப்போம். ஒதுக்கிய பணம் முழுவதும் செலவாயிற்றா என்றும் பார்ப்போம். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். அதற்குப் பிறகு எந்தக் கட்சியை வேண்டுமானாலும் பேசுவோம்.